உருளைக்கிழங்கு, கடல்நீரில் இரண்டு மணி நேரம்

காஸ்த்ரோவில் ஜூன் மழை ஓய்வெடுப்பதில்லை.
தகரக் கூரை எங்களைவிட உரக்கப் பேசுவதால்
கத்திக்கொண்டுதான் உயிரியல் படிக்கிறோம்.
பள்ளியில் கடைசி வருடம்.

எலியேசர் பாரியா கிழங்கு கொண்டுவந்தான்:
தோல் கறுப்பு, உள்ளே ஊதா,
வயல் மண் இன்னும் காயாதது.
நான் கொண்டுவந்தது கடல்.
படகுத்துறைப் படியில் குனிந்து
மயோனைஸ் பாட்டிலில் மொண்ட அரை லிட்டர்.

ஐந்து சென்டிமீட்டர் விரல்களாக நறுக்கி
ஒன்றை வாலைவடிநீரில்,
ஒன்றைக் குழாய்நீரில்,
ஒன்றை என் கடலில் போட்டோம்.
மூன்று புள்ளி ஒன்று கிராம், மூன்று புள்ளி ஒன்று,
மூன்றாவது சரியாக மூன்று.
அதை நறுக்கியவன் எலியேசர். அவன் கை எப்போதும் கஞ்சம்.

காத்திருக்கும் நேரத்தில் செல் சவ்வை வரைந்தோம்.
நீரை விரும்பும் தலைகள் இரு கரையிலும்,
நீருக்கு அஞ்சும் வால்கள் நடுவே ஒளிந்து.
சும்மா கடந்து போகிறவை உண்டு,
ஏ.டி.பி. கூலி கொடுத்துப் போகிறவையும் உண்டு.
ஓரியெத்தா டீச்சர் பலகையில் அம்பு போட்டார்.
அம்பு நுனியில் சுண்ணக்கட்டி முறிந்தது.

பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டில்,
அடியில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி.
ஆழத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன்
யாரையும் கேட்காமல் ரத்தத்தில் கரைகிறது,
மேலே வருவது மெதுவாக இல்லையென்றால்
திறந்த சோடாவைப் போல் நுரைக்கிறது,
மூட்டுகளில், சில சமயம் முதுகுத்தண்டில்.
“பெட்டிக்குள் இருப்பது தேர்வுக்கு வராது,” என்றார் டீச்சர்.
வகுப்பு முழுக்கப் பக்கம் புரண்டது.
என் விரல் அங்கேயே நின்றது.

அப்பா சால்மன் கூண்டுகளுக்கு அடியில் வேலை செய்கிறார்.
செத்த மீன்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி அனுப்புவது.
முப்பது மீட்டர். தோளில் நான்கு வளிமண்டலம்.
படகில் மேஸ்திரியின் கைக்கடிகாரம்.
ஒரு நாளைக்கு எட்டுக் கூண்டு.
இரவில் முழங்கை மடங்காதபோது
“மழை எலும்புக்குள் இறங்கிவிட்டது,” என்பார்.
பதினேழு வருடமாக நாங்களும்
மழையைத்தான் திட்டிக்கொண்டிருந்தோம்.

இரண்டு மணி நேரம் முடிந்தது.
முதல் விரல் விறைத்து நின்றது, ஒடித்தால் சத்தம் வந்தது.
எலியேசர் அதில் பாதியைக் கடித்து
“உப்பு போதாது,” என்றான்.
டீச்சர் பெயர்ப்பட்டியலில் அவனுக்கு ஒரு புள்ளி வைத்தார்.
கடலிலிருந்து எடுத்தது
இரண்டு புள்ளி நான்கு.
துவண்டிருந்தது. என் சுண்டுவிரலில் சுற்றினேன்,
மோதிரம் போல் உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் அப்பா இடது கையால் தேநீர் ஊற்றினார்.
அவர் வலது கைக்காரர்.
“இன்றைக்கு என்ன படித்தாய்?”
“கிழங்கு ஐந்தில் ஒரு பங்கு எடை இழந்தது.”
“அம்மாவிடம் சொல்லாதே,
மீதியும் எங்கே போனது என்று கேட்பாள்.”
சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்தேன்.
பிறகு கேட்டேன்:
மூன்று மீட்டரில் நின்று, நிதானமாய் மூச்சுவிட்டு,
பிறகு மேலே வரக்கூடாதா?

கோப்பையில் சர்க்கரை கரைவதையே பார்த்திருந்தார்.
“நிற்கலாம்.
நிற்கும் நேரத்துக்குக் கூலி கிடையாது.”

புத்தகத்தைத் திறந்து
சாம்பல் பெட்டியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
கண்ணாடி தேடினார். கிடைக்கவில்லை.
நான் படித்துக் காட்டவும் இல்லை.
மேசையில் அது இரவெல்லாம் திறந்தே கிடந்தது.

காலையில் புத்தகம் மூடியிருந்தது.
பக்கங்களுக்கு நடுவே ஒரு தீக்குச்சி,
இருநூற்றுப் பன்னிரண்டில்.
அவர் படகு ஆறு மணிக்கே போய்விட்டது.

சோதனை அறிக்கையில் ‘முடிவு’ என்ற கட்டத்தில்
எழுதிக் கொடுத்தேன்:
நீர் நகர்ந்தது. சவ்வு தடுக்கவில்லை.
திங்கட்கிழமை திரும்பி வந்தபோது
ஓரத்தில் சிவப்பு மையில் டீச்சர் எழுத்து,
அரை மதிப்பெண் குறைத்து:
திசையைக் குறிப்பிடுக.